மப்ளரும் மூசையும்

குருவிட்ட சந்தியில் குளிர் என்று சொல்லத்தக்க குளிர் இல்லை. மழை உண்டு, றப்பர் மரங்களின் ஈரம் உண்டு, களுகங்கைப் பக்கமிருந்து ஏறிவரும் புழுக்கம் உண்டு. ஆனாலும் டிசம்பர் உந்துவப் போயா கழிந்ததும் இந்தச் சந்தியில் கம்பளித் தொப்பியும் மப்ளரும் விற்பனைக்குத் தொங்கத் தொடங்கிவிடும். கொழும்பு வீதியில் வந்து இறங்கி, எரத்ன வழியாகப் பாவா ஆதம் மலைக்கு ஏறுகிறவர்களுக்கான சரக்கு அது. சிங்களவர் அதை ஸ்ரீபாத என்பர், தமிழர் சிவனொளிபாதமலை என்பர். 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதாவும் அந்த மலையில் ஏறியவர்தான். மலையுச்சியில் விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும். வைகாசிக்குப் பிறகு அந்த மப்ளர்கள் கடைகளிலிருந்து மறைந்துபோகும்.

ஊரில் வருடம் முழுவதும் மப்ளர் கட்டியவர் எனக்குத் தெரிய ஒருவர்தான். என் உம்மாவின் தம்பி, எங்கள் மாமா. சுபஹுக்குப் பள்ளிக்குப் போகும்போது கழுத்தைச் சுற்றி, மூக்கு மறையும்வரை இழுத்துவிட்டிருப்பார். அவருக்கு இளைப்பு. அது ஊதுகுழல் தந்த நோய் என்று வாப்பும்மா சொல்வார். மாமா கல் சுடுகிறவர்.

பின்னாளில் மாமா ஊதுகுழலை விட்டுவிட்டு மின்சார உலை ஒன்றை வாங்கினார். அதன் நெற்றியில் ஒரு தகடு. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத மாமா என்னைக் கூப்பிட்டார். ‘மஃபிள் ஃபேர்னஸ்’ என்று வாசித்தேன்.

“மப்ளரா? இதுக்குமா மப்ளர் கட்டியிருக்கு?” என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அது பகிடியல்ல, சரியான கேள்வி என்று விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. கழுத்துத் துணிக்கும் உலைக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது?

சொல்லின் வேர் ஒரு கையுறையில் இருக்கிறது. மத்தியகால இலத்தீனில் ‘முஃபுலா’ என்றால் விரல்கள் பிரியாத தடித்த கையுறை. ஒன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மடாலயங்களுக்கென வகுத்த விதிகளில், துறவிகளுக்குக் குளிர்காலத்தில் கொடுக்கவேண்டிய ஆட்டுத்தோல் உறைகளாக இச்சொல் வருகிறது. பிரெஞ்சில் அது ‘மூஃப்ல்’ ஆயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது கையை விட்டு முகத்துக்கு ஏறிவிட்டது. ‘மஃபிள்’ என்றால் முகத்தைப் போர்த்து மறைத்தல். குளிருக்காகவும் இருக்கலாம், ஆள் தெரியாமலிருக்கவும் இருக்கலாம். இந்த இரண்டு நோக்கமும் தொடக்கத்திலிருந்தே அந்தச் சொல்லுக்குள் ஒன்றாகக் குடியிருந்தன என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பதினாறாம் நூற்றாண்டில் ‘மஃப்ளர்’ என்ற பெயர்ச்சொல் பிறந்தது. அன்று அது ஆண்களின் கழுத்துத் துணியல்ல. பெண்கள் முகத்தின் கீழ்ப்பாதியை மறைத்துக் கட்டிய துணி. ஆம், இங்கிலாந்துப் பெண்கள்தான். வின்ட்சர் நகரத்து மாதரைப் பற்றிய ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகத்தில் பருத்த ஃபால்ஸ்டாஃப் பெண்வேடமிட்டுத் தப்பியோடுகிறார். அவருடைய மஃப்ளருக்கடியில் தாடி தெரிகிறதே என்று ஒரு பாதிரியார் ஐயப்படுகிறார். சபையினர் அதற்குச் சிரித்திருப்பார்கள். முகத்தை மறைத்த பெண்ணைக் கண்டு அவர்கள் யாரும் திடுக்கிடவில்லை. அது அவர்களுடைய தெருவிலும் நடந்த ஒன்றுதானே.

முகத்தை மூடினால் குரலும் அமுங்கும். அந்த இயல்பான வழியால்தான் சொல்லின் பொருள் ஒலிக்குப் போனது. பதினெட்டாம் நூற்றாண்டளவில் ‘மஃபிள்’ என்பதற்கு ஓசையைத் தணித்தல் என்ற பொருள் உறுதியாகிவிட்டது. இரவில் எதிரியை அணுகும் படகுகளின் துடுப்புக்குத் துணி சுற்றினார்கள். இராணுவ மரண ஊர்வலங்களில் மேளத்துக்குக் கறுப்புத் துணி போர்த்தினார்கள். தேவாலய மணியின் நாவுக்கு ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டும் வழக்கம் இருக்கிறது. ஓர் அடி கணீரென்றும் அடுத்த அடி தூரத்து எதிரொலி போலவும் கேட்கும். துக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஓசையை மனிதர் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. குருவிட்டயில்தான் கெமுனு ஹேவா படையணியின் தலைமையகம் இருக்கிறது. யுத்த காலத்தில் இந்தச் சந்தியால் போன சவப்பெட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தாழ்ந்த மேளம் புதிதல்ல.

1740களில் லண்டனின் குத்துச்சண்டை வீரர் ஜாக் புரோட்டன், தம்மிடம் பழக வந்த கனவான்களின் முகம் கிழியாதிருக்கப் பஞ்சுவைத்த கையுறைகளைச் செய்வித்தார். அவற்றுக்கும் மஃப்ளர் என்றே பெயர். கையிலிருந்து முகத்துக்குப் போன சொல், முகத்தைக் காப்பாற்ற மீண்டும் கைக்கே வந்தது! பிறகு மோட்டார் வந்தது. 1897இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ரீவ்ஸ் சகோதரர்கள் எஞ்சினின் புகைக்குழாய்க்கு ஓசை தணிக்கும் கருவிக்கான காப்புரிமை பெற்றார்கள். அமெரிக்கர் அதையும் மஃப்ளர் என்பர். ஆங்கிலேயரிடம் படித்த நாம் சைலன்சர் என்கிறோம். ஆகையால் நம்முடைய கராஜ்களுக்குள் மப்ளர் நுழையவில்லை.

உலைக்கு வருகிறேன். பிரெஞ்சுக்காரர் கையுறைக்கு வைத்த அதே பெயரை, பொன் வெள்ளியின் மாற்றுப் பார்க்கும் அடுப்புக்குள் வைக்கும் களிமண் கூட்டுக்கும் வைத்தார்கள். நெருப்பு வெளியே எரியும். பொருள் கூட்டுக்குள் இருக்கும். சூடு மட்டும் சேரும், சுவாலையும் புகையும் சாம்பலும் சேரா. கைக்குக் கையுறை எப்படியோ, பொன்னுக்கு அந்தக் கூடு அப்படி. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்திலும் இந்தப் பொருள் வந்துவிட்டது. மாமாவின் உலைக்கும் மப்ளர் கட்டித்தான் இருந்தது.

மாமாவுக்கு இந்த நியாயத்தை யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. பேருவளையிலும் இரத்தினபுரியிலும் நம்மவர் தலைமுறைகளாகச் செய்துவந்த வேலை அது. சிரட்டைக்கரி நெருப்பு. கல்லைச் சுண்ணாம்புக்குள் உருட்டி மூடி, தணலில் வைத்து, ஊதுகுழலால் மணிக்கணக்கில் ஊதவேண்டும். இடையில் மூச்சு அறுந்தால் சூடு இறங்கும், சூடு சட்டென்று இறங்கினால் கல் வெடிக்கும். மூடாத கல்லை மாமா ஒருபோதும் நெருப்பில் வைத்ததில்லை. இப்படிச் சுட்டால் சிவப்புக் கல்லிலுள்ள நீலச் சாயல் கலைந்து நிறம் தெளியும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அஹ்மத் அத்தீஃபாஷீ அரபியில் எழுதிய இரத்தினக்கல் நூலில், சரந்தீபில் மாணிக்கத்தைத் தீயிலிட்டு நிறம் தெளிவிக்கும் முறை சொல்லப்பட்டுள்ளது. அத்தீஃபாஷீ 1253இல் மறைந்தவர். எண்ணூறு ஆண்டுப் பழமையான அந்தத் தொழிலைத்தான் மாமா கொல்லைப்புறத்துச் சார்ப்பில் செய்துகொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லாமல் போகமுடியாது. ‘கெவுட’ என்று நாம் ஒதுக்கிவைத்த பால்நிறக் கற்களை எழுபதுகளில் தாய்லாந்து வியாபாரிகள் மலிவாக அள்ளிப்போனார்கள். 1500 பாகைக்கு மேல் சூடேற்றினால் கல்லுக்குள் பட்டுநூல் போல் கிடக்கும் டைட்டானியக் கனிமம் கரைந்து, இரும்போடு சேர்ந்து, பால்நிறம் போய் நீலம் பிறக்கிறது. ஊதுகுழல் அந்தச் சூட்டை எட்டாது. முற்றத்தில் சரளைக்கல்லோடு கிடந்தது வெளிநாட்டில் நீலமாகி விலைபோன செய்தி வந்தபோது இரத்தினபுரி மாவட்டமே தலையில் கைவைத்தது. அதன் பிறகுதான் இங்கும் வாயு உலைகளும் மின்சார உலைகளும் பெருகின. மாமாவின் உலை கெவுடவுக்கு ஆனதல்ல. மஞ்சள் புஷ்பராகத்துக்கும் சிவப்புக் கல்லுக்கும்தான் அதைப் பாவித்தார். உலைக்குள்ளும் கல்லை மூசையிலிட்டு மூடியே வைத்தார். பொற்கொல்லர் உலோகம் உருக்கும் அந்த மண்பாத்திரத்துக்குத் தமிழில் எவ்வளவு அழகான பெயர்!

சொற்கள் ஒருவழிப் பாதையில் மட்டும் வருவதில்லை. தோட்டத் துரைமார் நம்முடைய ‘கம்பளி’யைக் ‘கம்ளி’யாக்கித் தங்கள் ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மழைக்கும் குளிருக்கும் தொழிலாளருக்குக் கொடுத்த முரட்டுப் போர்வை அது. கொடுத்தது என்பதைவிடக் கணக்கெழுதியது என்பதே பொருந்தும். கம்பளியின் விலை கடனில் ஏறும். கடன் துண்டில் ஏறும். துண்டு இருக்கும்வரை ஒருவர் தோட்டத்தை விட்டு அசையமுடியாது. 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குருவிட்டயைச் சுற்றியுள்ள தோட்டங்களின் லயன்களுக்கும் இந்த வரலாறு பொது. போர்த்திய கம்பளியே கட்டிப்போட்ட கயிறுமாயிற்று.

இனி நம் பக்கத்துச் சொற்கள். வாப்பும்மா தலையில் போட்டுக்கொண்டது முட்டாக்கு. அதை இழுத்து வாயில் கடித்துக்கொண்டே அவர் ஊர்ப்பஞ்சாயத்தில் பேசுவார். அவர் குரல் அமுங்கியதாக யாரும் முறையிட்டதில்லை. எதிர்வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டதைத்தான் பார்த்திருக்கிறேன். திருமறையில் போர்த்தியவரை விளித்துத் தொடங்கும் அத்தியாயங்கள் இரண்டு அடுத்தடுத்து உள்ளன. அல்முஸ்ஸம்மில், அல்முத்தஸ்ஸிர். ஹிரா குகையிலிருந்து நடுங்கி வந்த நபிகளார் தம்மைப் போர்த்துமாறு கதீஜா நாயகியிடம் கேட்ட நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் மதரஸாவில் முதலில் படிக்கிறார்கள். அந்த இரு அத்தியாயங்களிலும் போர்வைக்குள் இருப்பவருக்கு வரும் கட்டளை எழுந்து நிற்கச் சொல்கிறது, எச்சரிக்கச் சொல்கிறது. ஆங்கிலச் சொல் போர்வையிலிருந்து மௌனத்துக்குப் போயிற்று. இங்கே போர்வையிலிருந்து குரல் புறப்படுகிறது. ஒரு சொல்லின் வரலாற்றை எழுத உட்கார்ந்தவனுக்கு இது பெரிய வேறுபாடாகப் பட்டது.

ஆனால் தமிழிலும் மஃபிளுக்கு ஓர் உடன்பிறப்பு இருக்கிறது. அது ‘அடக்கு’. அடங்குதல் என்றால் ஒன்றுக்குள் ஒன்று கொள்ளுதல், ஓசை ஓய்தல். அடக்கம் என்றால் பணிவு. வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வைத்தார். அடக்கம் செய்தல் என்றால் மையித்தை மண்ணுக்குள் வைத்தல். நாம் நல்லடக்கம் என்று நோட்டீஸ் அடிக்கிறோம். குளிப்பாட்டி, கஃபனிட்டு, மண்ணிட்டு மூடும் கடைசிப் போர்வை. இதே வேரில்தான் அடக்குமுறையும் முளைத்திருக்கிறது. பிள்ளையைப் போர்த்தும் கையும் வாயைப் பொத்தும் கையும் ஒரே சொல்லுக்குள் கிடக்கின்றன. இது ஏதோ அகராதி விளையாட்டு என்று நானும் நினைத்திருந்தேன், சில வருடங்களுக்கு முன்னர்வரை.

2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள். ஏப்ரல் 29இல் அவசரகால விதியின் கீழ் முகத்தை மூடும் ஆடை தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்டில் அவசரகாலச் சட்டம் காலாவதியானதோடு தடையும் போயிற்று. ஆனால் இடைப்பட்ட மாதங்களில், முகம் மூடாத, முட்டாக்கு மட்டும் போட்ட பெண்களும் பஸ்ஸிலும் கடையிலும் என்னென்ன கேட்கவேண்டியிருந்தது என்பது நம் வீடுகளுக்குத் தெரியும். அடுத்த வருடம் கொரோனா வந்தது. 2020 ஒக்டோபரில் முகக்கவசம் அணியாமல் வெளியே வருவது குற்றமென்று வர்த்தமானி சொன்னது. பதினெட்டு மாதத்துக்குள் மூடிய முகம் குற்றமாக இருந்து, மூடாத முகம் குற்றமாயிற்று! முழுமுகம் மூடும் ஆடையைத் தடைசெய்யும் யோசனைக்கு 2021 ஏப்ரலில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, அந்த அறிவிப்பை நாடே வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டுதான் கேட்டது. அது சட்டமாகவில்லை.

இதைச் சிரித்துக்கொண்டு எழுதிவிடலாம். அடுத்ததை அப்படி எழுதமுடியவில்லை.

கொரோனாவால் இறந்தவர்களைப் புதைக்கவும் எரிக்கவும் இரண்டுக்குமே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இடமளித்தது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி இங்கு எரிப்பதைக் கட்டாயமாக்கியது. எதிர்த்துத் தாக்கலான மனுக்களை உயர் நீதிமன்றம் டிசம்பர் முதலாம் திகதி தள்ளுபடி செய்தது. காரணம் கூறப்படவில்லை. அந்த மாதமே பிறந்து இருபது நாளான ஒரு குழந்தை எரிக்கப்பட்டது. அதன் பிறகு பொரளை மயானத்தின் கம்பிவேலியில் யார் யாரோ வந்து வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். கஃபன் துணி. கோஷமில்லை, பதாகையில்லை. முஸ்லிம்கள் மட்டும் கட்டவில்லை, எல்லாச் சமூகத்தவரும் கட்டினார்கள். இரவோடிரவாக அவை அகற்றப்பட்டன. மறுபடி கட்டினார்கள். மற்ற ஊர்களில் தத்தம் படலையில் கட்டினார்கள். ஓசையில்லாத ஒரு துணி அவ்வளவு தூரம் கேட்டதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

எங்கள் மாமா 2021 ஜனவரியில் மௌத்தானார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது இளைப்பு என்றுதான் நினைத்தோம். முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை. குளிப்பாட்டவில்லை, கஃபனிடவில்லை. மச்சான் ஒரு கடதாசியில் கையெழுத்திடக் கேட்கப்பட்டார். அவர் இடவில்லை, இடாததால் எதுவும் நிற்கவுமில்லை. நாங்கள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து பேராகக் காயிப் ஜனாஸா தொழுதோம். தக்பீரைக்கூடத் தாழ்ந்த குரலில் சொன்னோம், பக்கத்து வீட்டாருக்குக் கேட்டுவிடக்கூடாதென்று. ஏன் அப்படிப் பயந்தோம் என்று இப்போது கேட்டால் என்னிடம் பதிலில்லை.

ஒரு தகவலை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. சுடலை உலையில் உடலை வைக்கும் அறைக்கும் பொறியியலாளர் வழங்கும் பெயர் மஃபிள்தான். ஜெர்மனியில் நாஜி முகாம்களுக்கு உலை கட்டிக்கொடுத்த எர்ஃபுர்ட் நகரத்து டோஃப் நிறுவனத்தின் ஆவணங்களில் மூன்று மஃபிள் உலை, எட்டு மஃபிள் உலை என்றே கணக்கு வருகிறது. நம் நாட்டில் நடந்ததை அதனோடு சமன்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு கையுறை இவ்வளவு தூரம் வந்துசேர்ந்திருப்பதைச் சொல்கிறேன்.

2021 பெப்ரவரி 25இல் புதைக்க அனுமதித்து வர்த்தமானி வந்தது. மார்ச் 5ஆம் திகதி முதல் ஓட்டமாவடியில் மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கிற்று. அடுத்த ஒரு வருடத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டார்கள். அவர்களில் பிற சமயத்தவரும் உண்டு. எங்கள் பகுதிக்காரருக்குத் தீவைக் குறுக்கறுத்துப் போகும் பயணம் அது. ஆனாலும் மண் கிடைத்தது. மாமாவுக்கு ஆறு வாரம் பிந்தியிருந்தது. 2024 ஜூலையில், கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை முடிவெடுத்தது. பத்திரிகையில் அந்தச் செய்தியை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். முட்டாக்கை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு தேநீர் ஊற்ற எழுந்துபோனார்.

மாமாவின் பழுப்பு மப்ளர் மாமியின் அலுமாரியில் இருக்கிறது. உலையை மச்சான் நடத்துகிறார். போன வருடம் வங்கிக் கடன் விண்ணப்பம் ஒன்றைக் கொண்டுவந்தார். இயந்திரத்தின் பெயரைத் தமிழில் எழுதவேண்டுமாம். தகட்டிலிருந்த பெயரைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வந்திருந்தார். அதைச் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘மூடிய உலை’ என்று எழுதிக் கொடுத்தேன். “அவ்வளவுதானா?” என்றார். அவ்வளவுதான் என்றேன்.